ஆபீஸ் கார்டில் வீட்டுக்கு டிவி வாங்கினால்?

ஊரில் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், போன மாதம் போனில் பேசும்போது கேட்டான்: "அக்கா, அமெரிக்காவுல கவர்ன்மென்ட் ஆபீஸ்ல ஆளாளுக்கு கிரெடிட் கார்டு குடுத்திருக்காங்களாமே, நிஜமா?"

"நிஜம்தான்டா. என்கிட்டயே ஒண்ணு இருந்துச்சு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அதுல வீட்டுக்கு ஒரு டிவி வாங்கிட்டா யாருக்குக்கா தெரியும்?" என்றான்.

நியாயமான கேள்விதான். அவன் அலுவலகத்தில் பிரிண்டருக்கு டோனர் வேண்டுமென்றால் யாராவது கைக்காசு போட்டு வாங்கி வருவார்கள். பிறகு சில்லறைச் செலவினப் பட்டியல் எழுதி, மேலே கையெழுத்து வாங்கி, கருவூலத்துக்கு அனுப்பி, அங்கே ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் மறுபடி எழுதி, போட்ட காசு எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவனிடம், அரசாங்கமே கார்டைக் கொடுத்து 'போய் வாங்கிக்கொள்' என்கிறது என்றால் எப்படி நம்புவான்? அன்று போனில் ஒழுங்காக விளக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

மேரிலாந்து மாநிலத்தில் ஒரு சின்ன மத்திய அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். ஆற்று நீர், குளத்து நீர் மாதிரிகளைச் சோதிக்கும் இடம். என் வேலை ஆய்வக உதவியாளர். அதோடு சேர்த்து, கொள்முதல் கார்டும் என் பெயரில் இருந்தது. கையுறை, வடிகட்டித் தாள், திரவ நைட்ரஜன், படகு மோட்டாருக்கு பெல்ட் என்று எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். 2000இல் கைக்கு வந்த கார்டு. 2023 கடைசியில் ஓய்வு பெற்றபோது அதைக் கத்தரியால் வெட்டி, வெட்டியதற்கு ஒரு படிவமும் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கார்டு வருவதற்கு முன்னால் இங்கேயும் நிலைமை கிட்டத்தட்ட ஊரைப் போலத்தான். முப்பது டாலர் சாமானுக்கும் கோரிக்கைப் படிவம், கொள்முதல் பிரிவு, பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்ததற்கு ஒரு சீட்டு, இன்வாய்ஸ், கடைசியில் காசோலை. சாமானின் விலையைவிட அதற்கு ஓடும் காகிதத்தின் விலை அதிகமாகிறதே என்று 1980களிலேயே முணுமுணுப்பு இருந்தது. 1986இல் வணிகத் துறை முன்னின்று கார்டைச் சோதித்துப் பார்த்தார்கள். 1989இல் எல்லாத் துறைகளுக்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் மாற்றியது 1994இல் வந்த கொள்முதல் சீர்திருத்தச் சட்டம். 2,500 டாலருக்கு உட்பட்டவற்றை 'மைக்ரோ பர்ச்சேஸ்' என்று அது தனியாகப் பிரித்தது. அதற்குப் பல கடைகளில் விலைப்புள்ளி கேட்க வேண்டாம், கொள்முதல் பிரிவின் வாசலில் நிற்க வேண்டாம். விலை நியாயமாகத் தெரிந்தால், தேவைப்படுகிற இடத்திலேயே வாங்கிவிடலாம். சட்டம் இல்லாமல் கார்டு மட்டும் வந்திருந்தால் அது மேஜை இழுப்பறையில் தூங்கியிருக்கும். 1998 நவம்பரில் 'ஸ்மார்ட்பே' என்ற பெயரில் இந்தத் திட்டம் இன்றைய வடிவத்துக்கு வந்தது. ஜி.எஸ்.ஏ. எனப்படும் பொதுச் சேவைகள் நிர்வாகம் வங்கிகளோடு ஒப்பந்தம் போடும்; துறைகள் அந்த வங்கிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இப்போது இருப்பவை சிட்டிபேங்கும் யு.எஸ். பேங்கும்.

அந்த 2,500 பிறகு 3,000 ஆகி, 3,500 ஆகி, 2018இல் ஒரே தாவாக 10,000 ஆனது. சேவைகளுக்கு வரம்பு இன்னும் 2,500தான், கட்டட வேலைக்கு 2,000. அவற்றுக்குத் தொழிலாளர் ஊதியச் சட்டங்கள் குறுக்கே வரும்.

கார்டிலும் வகை உண்டு. வாங்கலுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று, அரசு வாகனங்களுக்குப் பெட்ரோல் போட ஒன்று. வாகனக் கார்டு ஆளுக்குச் சொந்தமில்லை, வண்டியோடு கட்டிப்போட்டது. பயணக் கார்டில் பெரும்பாலும் ஊழியரே பில்லைக் கட்டிவிட்டு, பயணப்படி வாங்கிக்கொள்ள வேண்டும். கொள்முதல் கார்டிலும் வாகனக் கார்டிலும் அரசாங்கமே நேராக வங்கிக்குக் கட்டுகிறது. இந்த வகைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, டிவிக்கு வருவோம்.

கார்டு கொடுப்பதற்கு முன்னால் பயிற்சி, தேர்வு, அப்புறம் ஒரு அதிகாரக் கடிதம். ஒரு தடவைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை பயிற்சியை மறுபடி முடிக்காவிட்டால் கார்டை நிறுத்திவிடுவார்கள். வங்கியின் பக்கமும் ஒரு பூட்டு உண்டு. ஒவ்வொரு கடைக்கும் அதன் தொழில்வகையைச் சொல்லும் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். வேண்டாத வகைகளை அலுவலகம் முன்கூட்டியே அடைத்து வைத்திருக்கும். ஒருமுறை மீன் தொட்டிக்குக் காற்று பம்ப் வாங்க செல்லப்பிராணிக் கடைக்குப் போனேன். கார்டு செல்லவில்லை. ஆபீஸுக்குப் போன் செய்தால், அந்த வகை அடைக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். நாய்க்குட்டிக்கு உடுப்பு வாங்கிவிடுவேனோ என்று யாருக்கோ கவலை போல. அந்த ஒரு கடைக்காகத் திறந்துவிடச் சொல்லி மின்னஞ்சல் எழுதி, இரண்டு பேர் சரி சொல்லி, மறுநாள் போய் வாங்கினேன்.

கடையில் நடக்கும் இன்னொரு கூத்து விற்பனை வரி. எங்கள் மாநிலத்தில் கொள்முதல் கார்டுக்கு அந்த வரி கிடையாது. கார்டின் மேலேயே அச்சடித்திருக்கும். ஆனால் கல்லாவில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு மேரிலாந்தின் ஆறு சதவீதத்தை எப்படி எடுப்பது என்று தெரியாது. மேனேஜர் வர வேண்டும், சாவி வர வேண்டும், பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விட வேண்டும். சில சமயம், பதினெட்டு சென்ட்தானே, கட்டிவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றும். முடியாது. கட்டிய வரியைத் திரும்ப வாங்கும் வேலை நம் தலையில்தான் விழும்.

வாங்கக்கூடாதவற்றில் முதலிடம் சாப்பாட்டுக்கு. காப்பித்தூள் கூடாது, பிறந்தநாள் கேக் கூடாது. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருந்தால் பாட்டில் தண்ணீரும் கூடாது. ஆனால் எல்லோரும் பயன்படுத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் ஃபிரிட்ஜும் வாங்கலாம். 2004இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதாவது சாப்பாட்டைச் சூடுபண்ண அரசாங்கம் உதவும், சாப்பாடு உன் பாடு. பேனாவிலும் சட்டம் உண்டு. பார்வையற்றோர் வேலை செய்யும் தொழிற்கூடங்களில் செய்யும் 'ஸ்கில்கிராஃப்ட்' பேனாவைத்தான் முதலில் தேட வேண்டும். 1938இல் வந்த ஒரு சட்டத்தின் வழி வந்தது இது. எழுத நன்றாகவே இருக்கும். எந்த மத்திய அரசு மேஜையைத் திறந்தாலும் 'யு.எஸ். கவர்ன்மென்ட்' என்று பொறித்த அந்தக் கறுப்புப் பேனா கிடக்கும்.

இதெல்லாம் சின்னச் சின்ன வேலிகள். டிவி வாங்குகிறவனை இவை தடுக்காது. டிவி கடை அடைக்கப்பட்ட வகையாக இருக்காது. எங்களுக்கும் திரை தேவைப்படும் அல்லவா.

அவனைப் பிடிப்பது வேறு. மாதக் கடைசியில் வங்கியிலிருந்து வரும் அறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் நான் ரசீது வைக்க வேண்டும்: யார் கேட்டார்கள், எதற்கு, எந்தக் கணக்கில். சரக்கு வந்தது என்று என்னைத் தவிர இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். லேப்டாப், கேமரா மாதிரி தூக்கிக்கொண்டு போகக்கூடியவற்றுக்குப் பட்டைக்குறி ஒட்டிச் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இத்தனைக்கும் மேலே ஒப்புதல் அதிகாரி என்று ஒருவர். வங்கிக்குப் பணம் போய்விட்டாலும், அவர் தலையாட்டினால்தான் அந்த வரி முடிந்த மாதிரி.

என் முதல் ஒப்புதல் அதிகாரி கடற்படையில் இருந்து வந்தவர். பேச்சு குறைவு. ரசீதுக் கோப்பை எடுத்துக்கொண்டு நேராகக் கிடங்குக்குப் போவார். "பன்னிரண்டு பெட்டி கையுறை என்று இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்" என்பார். எண்ணுவார். ஒரு பெட்டி ஏற்கெனவே மேல்மாடிக்குப் போயிருந்தால், மேல்மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வருவார். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது, என்னைச் சந்தேகப்படுகிறாரோ என்று. அப்படியில்லை என்பது அவர் போன பிறகுதான் புரிந்தது. அடுத்து வந்தவர் நல்ல மனிதர், எல்லோருக்கும் பிடித்தவர். எண்பது வரி உள்ள அறிக்கையைக் காப்பி ஆறுவதற்குள் ஒப்புதல் செய்து அனுப்பிவிடுவார். அவர் காலத்தில் நான் டிவி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை என்பது அமெரிக்க அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த வெற்றியல்ல.

தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். ஊரில் காசு வெளியே போவதற்கு முன்னால் ஐந்து பேர் பார்க்கிறார்கள். இங்கே போன பிறகு ஒருவர் பார்க்கிறார். அந்த ஒருவர் உண்மையிலேயே பார்த்தால் கார்டு அருமையான ஏற்பாடு. பார்க்காவிட்டால் கதவு திறந்துதான் கிடக்கிறது.

இது என் அனுபவம் மட்டுமில்லை. 2005 ஜூலை முதல் 2006 ஜூன் வரையிலான கார்டு வாங்கல்களில் மாதிரி எடுத்துப் பார்த்து, 2008இல் ஜி.ஏ.ஓ. ஒரு அறிக்கை வெளியிட்டது. முறையான அனுமதி இருந்ததா, வேறொருவர் சரக்கைச் சரிபார்த்தாரா என்ற இரண்டே கேள்விகள். ஏறத்தாழ 41 சதவீத வாங்கல்கள் இதில் தேறவில்லை என்று கணக்கிட்டார்கள். 2,500 டாலருக்கு மேற்பட்டவற்றில் அது 48 சதவீதம். ஆய்வுக்கு எடுத்த 27 லட்சம் டாலர் பெறுமான பொருள்களில் 18 லட்சம் டாலருக்கு மேல் எங்கே என்று துறைகளால் காட்ட முடியவில்லை. செய்தித்தாள்களுக்குப் பிடித்தது வேறு: ஈக்வடாரில் காட்டுப் பயிற்சிக்கு என்று சொல்லி உள்ளாடைக் கடையில் செலவழித்த 360 டாலர், அஞ்சல் துறையின் 13,500 டாலர் இரவு விருந்து. என்னை உறுத்தியது வனத்துறைக் கதை. கார்டை ஏற்காத கடைகளுக்குக் கொடுப்பதற்காக, கார்டுக் கணக்கோடு சேர்த்துக் காசோலைப் புத்தகமும் தருவார்கள். ஒரு பெண் ஊழியர் அதிலிருந்து 2000 முதல் 2006 வரை, கூட வாழ்ந்த காதலருக்குக் காசோலை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். மொத்தம் 6,42,000 டாலருக்கு மேல். ஆறு வருடம்! யாரோ துப்புக் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆறு வருடமும் மாதாமாதம் அறிக்கை வந்திருக்கும். அதைப் பார்க்க வேண்டிய ஆளும் ஒருவர் இருந்திருப்பார்.

இதையடுத்து 2012இல் கார்டு முறைகேடு தடுப்புச் சட்டம் வந்தது. எங்களுக்குப் படிவங்கள் கூடின.

திருட்டைவிடத் தினசரி வரும் சோதனை, பில்லைப் பிரிப்பது. வரம்பு 2,500 ஆக இருந்த காலம். எங்கள் விஞ்ஞானி ஒருவருக்கு நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒரு சின்ன சென்ட்ரிஃபியூஜ், அதாவது மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம், தேவைப்பட்டது. விற்பனையாளரே போனில் வழி சொன்னார்: "இயந்திரம் ஒரு இன்வாய்ஸ், உள்ளே இருக்கும் ரோட்டர் இன்னொரு இன்வாய்ஸ். எல்லோருக்கும் இப்படித்தான் செய்து தருகிறோம்." முடியாது என்றேன். விஞ்ஞானி என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"நான் எதையும் திருடச் சொல்லவில்லையே?"

"இல்லை. பிரிக்கச் சொல்கிறீர்கள். அதுவும் விதிமீறல்தான்."

"வேலை நின்றுபோனால் அது யாருடைய விதி?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொள்முதல் பிரிவு வழியாக அந்த இயந்திரம் வந்து சேர்ந்தபோது கோடைக்கால மாதிரிகள் எடுக்கும் பருவம் முடிந்திருந்தது. அவர் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். என் கையெழுத்து போனால் என் பெயரும் போகும் என்பதும் நியாயம்தான்.

செப்டம்பர் மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது. ஊரில் மார்ச் மாதம் நடக்கும் அத்தனையும் இங்கே அப்போது நடக்கும். மிச்சப் பணம் பெரும்பாலும் அடுத்த வருடத்துக்குப் போகாது. ஜூலையில் "பேட்டரி வாங்கப் பணமில்லை" என்றவர்கள், செப்டம்பர் மூன்றாம் வாரம் வந்து "ஏதாவது வாங்க வேண்டியிருக்கிறதா?" என்று கெஞ்சுவார்கள். கார்டு அந்த அவசரத்துக்கு நல்ல வசதி. பர்ச்சேஸ் ஆர்டர் காலத்தில் ஆகஸ்டிலேயே கொள்முதல் பிரிவு கதவைச் சாத்திவிடும். கார்டு வந்த பிறகு கடைசி வாரம் வரை வாங்கலாம். இது கார்டின் குற்றமில்லை, பட்ஜெட் போடும் முறையின் குற்றம். ஆனாலும் கார்டு அதற்குத் துணை போகிறது.

அப்புறம் அந்த 'திரும்ப வரும் பணம்'. செலவின் அளவையும் எவ்வளவு சீக்கிரம் கட்டுகிறார்கள் என்பதையும் பார்த்து வங்கி துறைகளுக்கு ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. பயிற்சி வகுப்பில் இதைப் பெரிய லாபமாகச் சொல்வார்கள். கடைக்காரர் கார்டு கட்டணமாக வங்கிக்குக் கொடுப்பதில் ஒரு துண்டுதான் அது. கடைக்காரர் அதை விலையில் ஏற்றாமல் விடுவாரா? எங்கள் பக்கத்து இரும்புக்கடை முதியவர் ஒவ்வொரு தடவையும் "காசாகத் தரக்கூடாதா?" என்று கேட்பார்.

இவ்வளவு குறை இருந்தும் கார்டு வேண்டும் என்றே சொல்வேன். உறைபதனப் பெட்டி சனிக்கிழமை பழுதானால், திங்கட்கிழமை கொள்முதல் பிரிவு திறக்கும் வரை மாதிரிகள் காத்திருக்காது. கார்டு இருந்தால் ஒரு மணி நேரத்தில் உலர்பனிக்கட்டி வந்துவிடும்.

2025இல் என்ன நடந்தது என்பது தம்பிக்கும் செய்தியில் அரைகுறையாக எட்டியிருக்கிறது. அரசிடம் 46 லட்சம் கார்டுகளும் கணக்குகளும் இருக்கின்றன, 2024 நிதியாண்டில் அவற்றின் வழியே சுமார் 4,000 கோடி டாலர் செலவாகியிருக்கிறது என்று டாஜ் என்ற சிக்கனக் குழு அறிவித்தது. மத்திய அரசின் சிவில் ஊழியர்கள் சுமார் இருபத்திரண்டு, இருபத்து மூன்று லட்சம் பேர். ஆக ஆளுக்கு இரண்டு கார்டா என்று ஊரே சிரித்தது. அந்த எண்ணிக்கைக்குள் வண்டிகளின் பெட்ரோல் கார்டும் ராணுவத்தினரின் பயணக் கார்டும் அடக்கம் என்பதை யாரும் பார்க்கவில்லை. அந்த ஆண்டு மத்திய அரசின் மொத்தச் செலவு 6.75 லட்சம் கோடி டாலர். நூறு டாலர் செலவில் கார்டு வழியே போனது அறுபது சென்ட்கூட இல்லை.

பிப்ரவரி 26 அன்று வந்த அதிபர் ஆணை, ஊழியர்களின் கார்டுகளை 30 நாள் முடக்கியது. பேரிடர் உதவிக்கும் மிக அவசியமான சேவைகளுக்கும் விலக்கு உண்டு. பல இடங்களில் வரம்பை ஒரு டாலராகக் குறைத்தார்கள். கார்டு உயிரோடு இருக்கும், ஆனால் எதுவும் வாங்க முடியாது. அடுத்த மாதமே பிரிட்டனிலும், சுமார் 20,000 அரசுக் கார்டுகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

நான் இருந்த ஆய்வகத்தில் இன்னும் வேலை செய்யும் தோழி அந்த நாட்களில் தினமும் போன் செய்வாள். திரவ நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வாராவாரம் நிரப்பியாக வேண்டும். நிரப்புகிறவரோ கார்டில்தான் பணம் வாங்குவார். விலக்கு கேட்டு எழுதினால், அந்த விலக்கு யார் கையில் இருக்கிறது என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்களாம். கைக்காசு போடலாமா என்று கேட்டாள். போட்டால் திரும்ப வராது, போடாதே என்றேன். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கடனாகக் கொஞ்சம் வாங்கிச் சமாளித்திருக்கிறார்கள்.

மொத்தத்தில் பார்த்தால் இதில் மிச்சமானது என்னவென்று எனக்குப் புரியவில்லை. வாங்க வேண்டியதை வாங்கித்தான் ஆக வேண்டும். தள்ளிப்போட்டால் செலவும் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கார்டுகளைக் குறைத்ததில் தப்பில்லை. பயன்படாமல் கிடக்கும் கணக்குகளை மூடுவது எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. ஆனால் எண்ணியது கார்டுகளை. ஒப்புதல் அதிகாரி ஒருவர் தலையில் எத்தனை கார்டு, எத்தனை வரி என்று யாராவது எண்ணினார்களா?

2025 அக்டோபர் 1 முதல் மைக்ரோ பர்ச்சேஸ் வரம்பு 15,000 டாலராக உயர்ந்துவிட்டது. விலைவாசிக்கு ஏற்ப ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் திருத்தம் அது. அதே சமயம் தோழியின் ஆய்வகத்தில் கார்டு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அந்த ஒருவரின் பில்களுக்கு ஒப்புதல் தருபவர் வேறு ஊரில் இருக்கிறார். இன்னும் சில ஆய்வகங்களுக்கும் அவர்தானாம். இந்த ஆய்வகத்துக்குள் அவர் ஒருநாளும் வந்ததில்லை. போன வாரம் தோழியிடம் பேசினேன். கையுறை தீர்ந்துவிட்டது, கோரிக்கை அனுப்பியிருக்கிறாள். கார்டு வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவாராம்.